ஆளுக்கொரு களம்

“அண்ணே, நம்ம லேப்டாப்புல ஒழுங்காத்தான் ஓடுது. சர்வர்ல ஏத்துனா மட்டும் மெமரியத் தின்னு தீர்க்குது. எங்கயோ லீக்குண்ணே.”

என்னோடு வேலை பார்க்கும் தம்பி போனில் இதைச் சொன்னபோது இரவு பதினொன்றரை இருக்கும். பரவையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தால் திண்டுக்கல் சாலையில் காய்கறி லாரிகள் கியர் மாற்றுவது கேட்கும். நாங்கள் எழுதியிருந்ததும் காய்கறி சம்பந்தப்பட்டதுதான்: மொத்த வியாபாரத்துக்கான ஒரு பில்லிங் சர்வர். எடை, மூட்டைக் கணக்கு, கமிஷன், பாக்கி. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. 200 த்ரெட்கள் ஓடின. என் லேப்டாப்பில் 4 கோர்; வாடகைக்கு எடுத்த சர்வரில் 16 கோர். ப்ரோக்ராம் ஒன்று, டேட்டா ஒன்று, த்ரெட் எண்ணிக்கையும் ஒன்று. ஆனால் டாப் கட்டளையின் விர்ச்சுவல் பத்தியில் லேப்டாப் மூன்றரை ஜி.பி.யைத் தாண்டிக் காட்டியது; சர்வர் ஒன்பதரையைத் தாண்டியது.

லீக் என்றால் நேரம் ஆக ஆக ஏற வேண்டும். இது கோர் கூடியதற்காக ஏறியிருக்கிறது. மெமரியைக் கேட்பது ப்ரோக்ராம். கோர் எத்தனை என்பது மெஷினின் சமாச்சாரம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் முப்பது வருட ஆராய்ச்சி ஒன்று விரிகிறது. அதைப் படித்து முடித்தபின் எனக்குத் தோன்றியது இது: பல த்ரெட் ப்ரோக்ராம் பிடித்து வைத்திருக்கும் மெமரியில் பெரும்பங்கு சண்டையைத் தவிர்ப்பதற்காகக் கொடுக்கும் வாடகை. த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கக் கூடாது என்பதற்காக இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். வாங்கியது கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி.

எல்லோரும் எப்படி இந்த வழிக்கு வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயலியின் வேகம் வருடா வருடம் தானாக ஏறிக்கொண்டிருந்த காலம் 2004 வாக்கில் நின்றது. அதற்குமேல் ஓட்டினால் சூடு தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரப்போகிறது என்று சொல்லியிருந்த இன்டெல், அந்த வருடமே அதைக் கைவிட்டது. 2001லேயே ஐ.பி.எம். பவர்4ல் ஒரே சில்லில் இரண்டு கோர்களை வைத்திருந்தது. 2005ல் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுமே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதைக் கொண்டுவந்தன. இலவசச் சாப்பாடு முடிந்தது என்று ஹெர்ப் சட்டர் அதே வருடம் எழுதிய கட்டுரையை அன்று கல்லூரி முடித்து வந்த தலைமுறை மறந்திருக்காது. 2024ல் ஏ.எம்.டி. ஒரே செயலியில் 192 கோர் வரை போய்விட்டது. மெமரியின் வேகமோ, ஒவ்வொரு கோருக்கும் கிடைக்கும் மெமரியின் பங்கோ அதே பாய்ச்சலில் வளரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. த்ரெட் என்பதே மெமரியை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு. பாடநூல் அதை இழை என்கிறது. தனித்தனி ப்ராசஸ்களாக ஓடவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரிப் பரப்பு. ஒன்றின் டேட்டா மற்றதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் நகல் எடுக்க வேண்டும். த்ரெட்களோ ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகள். அடுப்படி பொது, கிணறு பொது. போஸ்ட்கிரெஸ் இன்றும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ப்ராசஸை எழுப்புகிறது. அதனால்தான் இணைப்பு ஆயிரத்தைத் தொடும்போது அதற்கு முன்னால் ஒரு பூலர் வைக்கச் சொல்கிறார்கள். அப்பாச்சி சர்வரும் முதலில் ப்ராசஸ் வழியில்தான் இருந்தது. த்ரெட் கலந்த முறை இரண்டாம் பதிப்பில் வந்தது.

விஞ்ஞானக் கணக்குகளில் இந்த வேறுபாடு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் கட்டிய கப்ரு என்ற கிளஸ்டர் 2004ல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இடம்பிடித்தது. 144 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் செயலிகள்; முக்கிய வேலை குவார்க்குகளைப் பற்றிய லாட்டிஸ் கணக்கு. இம்மாதிரிக் கணக்கில் நான்கு பரிமாணக் கட்டம் ஒன்றைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் ஓர வரிசையை நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வயலின் வரப்பையும் சேர்த்து உழுவது மாதிரி. துண்டு சிறுக்கச் சிறுக்க, விளையும் பரப்பைவிட வரப்பு அதிகமாகிவிடும். கோருக்கு ஒரு ப்ராசஸ் என்று வைத்தால் ஒரே பெட்டிக்குள்ளேயே இத்தனை வரப்பு. அதைக் குறைக்கத்தான் பெட்டிக்குள் த்ரெட், பெட்டிக்கு வெளியே செய்தி அனுப்புதல் என்ற கலப்பு முறை பரவியது. ஓப்பன்எம்பி என்ற தரநிலை 1997ல் வந்ததும் அது எளிதாயிற்று. 2022 மே மாதம் திருச்சி என்.ஐ.டி.யில் தொடங்கிய பரம் பொருள், 838 டெராஃப்ளாப்ஸ் திறன் உள்ளது. அங்கே ஜாப் போடும் மாணவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரு பெட்டியில் எத்தனை ப்ராசஸ், அதற்குள் எத்தனை த்ரெட் என்பதைத்தான்.

ஆக, த்ரெட் சிக்கனமானது. பிறகு ஏன் எங்கள் சர்வர் ஒன்பதரை ஜி.பி. காட்டியது?

முதலில் அந்த எண்ணையே சந்தேகப்பட வேண்டும். பழந்தமிழில் பரவை என்றால் கடல். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருப்பது வைகை. அந்த வைகையை வருடத்தில் பெரும்பாலான நாள் பார்த்தவர்களுக்கு விர்ச்சுவல், ரெசிடென்ட் வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். கரைக்குக் கரை அகலம் ஒரு கணக்கு. நடுவில் ஓடுகிற தண்ணீர் இன்னொரு கணக்கு. லினக்ஸ், கேட்ட இடத்தை முகவரியாக உடனே எழுதிக் கொடுத்துவிடும். 64 பிட் இன்டெல் வகை மெஷினில் ஒரு ப்ரோக்ராமுக்குக் கிடைக்கும் முகவரிப் பரப்பு வழக்கமாக 128 டெராபைட். அது உண்மையிலேயே கடல்தான். ஆனால் ரேம் என்னும் தண்ணீர், ப்ரோக்ராம் அந்த முகவரியைத் தொட்டு எழுதும்போதுதான் வரும். அதுவும் 4 கே.பி. பக்கம் பக்கமாக. எனவே விர்ச்சுவல் எண்ணைப் பார்த்துப் பதறுவது, ஆற்றின் அகலத்தைப் பார்த்து வெள்ளம் என்று தண்டோரா போடுவது. ரெசிடென்ட் என்பதுதான் தண்ணீர். அதிலும் பல ப்ராசஸ்கள் பகிரும் லைப்ரரிப் பக்கங்கள் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாக ஏறும். அதைப் பங்கு பிரித்துக் காட்டும் பி.எஸ்.எஸ். என்ற அளவு கெர்னலின் ஸ்மேப்ஸ் கோப்பில் இருக்கிறது. பார்ப்பவர்கள்தான் குறைவு.

அகலம் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. தண்ணீர் வந்தால் எங்கெல்லாம் பாயும் என்பதை அகலம்தான் சொல்லும். எங்கள் சர்வரில் பிமேப் கட்டளை கொடுத்தபோது ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தது: 132 கே.பி. எழுதக்கூடிய இடம், அதன் கீழேயே 65,404 கே.பி. தொடக்கூடாத இடம். இரண்டையும் கூட்டினால் 65,536 கே.பி.; அதாவது சரியாக 64 எம்.பி. சில ஜோடிகளில் முதல் எண் பெருத்து இரண்டாவது இளைத்திருக்கும், கூட்டுத்தொகை மாறாது. திரை நிரம்பி மேலே ஓடியது. தம்பி எண்ணினான். 127 தேறியது.

அந்த ஜோடிகளுக்குப் போகுமுன் ஸ்டாக்கை முடித்துவிடுவோம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்டாக் வேண்டும். லினக்ஸில் வழக்கமாக 8 எம்.பி. 200 த்ரெட்டுக்கு 1,600 எம்.பி. இதுவும் முகவரிதான், தொட்டது மட்டுமே ரேம். ஆனால் ஒருமுறை ஆழமாக ரிகர்ஷன் போய்வந்த த்ரெட், தான் தொட்ட பக்கங்களைச் சாகும்வரை விடாது. பூலில் உட்கார்ந்திருக்கும் த்ரெட் சாவதே இல்லை. 1999ல் டான் கெகல் ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்ற கேள்வியைப் பட்டியலிட்டபோது, இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற முறைக்கு எதிராக வைத்த வாதங்களில் ஸ்டாக் மெமரியும் ஒன்று. அன்று 32 பிட் மெஷின்களில் முகவரியே தீர்ந்துபோகும். ஜாவா 64 பிட் லினக்ஸில் த்ரெட்டுக்கு 1 எம்.பி. ஒதுக்குகிறது. கோ மொழியின் கோரூட்டீன் 2 கே.பி.யில் தொடங்கித் தேவைக்கு வளர்கிறது. 2023ல் வந்த ஜாவா 21ம் தன் விர்ச்சுவல் த்ரெட்களோடு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் தீர்ப்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது என்றே சொல்வேன்.

ஸ்டாக்குக்கு 1.6 ஜி.பி. மீதி எட்டு ஜி.பி.? அந்த 64 எம்.பி. ஜோடிகள்தான். அவற்றுக்கு ஆங்கிலத்தில் அரினா என்று பெயர். களம் என்ற நம் சொல் அதற்கு இவ்வளவு பொருத்தமாக உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

என் தாத்தா காலத்தில் சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் அறுவடைக் கதிரைக் களத்துக்குக் கொண்டுவந்துதான் அடிக்க வேண்டும். இப்போது இயந்திரம் வயலிலேயே நெல்லைக் கொட்டிவிடுகிறது. அன்று ஊருக்கு ஒரே பொதுக்களம் என்றால், ஒருவர் அடித்துத் தூற்றி அள்ளும்வரை மற்றவர் கதிரை அடுக்கி வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மெமரி கேட்கும் மாலாக்கும் அப்படித்தான் இருந்தது. 1987 முதல் டக் லீ வளர்த்த ஒதுக்கீட்டு முறை இடத்தை அருமையாகச் சிக்கனம் செய்யும். ஆனால் அது ஒற்றைக் களத்துக்காக எழுதியது. பல த்ரெட்கள் வந்தபோது வாசலில் ஒரு பூட்டுப் போட்டார்கள். ஒரு கோர் இருந்த காலத்தில் அந்தப் பூட்டு யாரையும் உறுத்தவில்லை. பதினாறு கோர் வந்தபோது பதினைந்து பேர் வரப்பில். சில சோதனைகளில் கோர் கூடக்கூட வேகம் குறையவே செய்தது.

வோல்ஃப்ராம் குளோகர் செய்த மாற்றம் வெளிப்படையானது: களத்தைப் பலவாக்குவது. ஒரு களம் பூட்டியிருந்தால் இன்னொன்றுக்குப் போ. எல்லாம் பூட்டியிருந்தால் புதிதாக ஒன்று போடு. லினக்ஸின் சி லைப்ரரியான ஜி.லிப்.சி. எடுத்துக்கொண்டது இதைத்தான். 2009ல் வந்த 2.10 பதிப்பு இன்னும் ஒரு படி போய், புதிய த்ரெட் வந்தாலே அதற்குத் தனிக்களம் என்ற வழியைத் திறந்தது. உச்சவரம்பு, 64 பிட் மெஷினில் கோருக்கு 8 களம். இங்கேதான் மெஷினின் சமாச்சாரம் ப்ரோக்ராமின் மெமரிக்குள் நுழைகிறது. 4 கோர் என்றால் 32 களம், களத்துக்கு 64 எம்.பி. வீதம் 2 ஜி.பி. 16 கோர் என்றால் 128 களம், 8 ஜி.பி. முதல் களம் மட்டும் பழைய ஹீப்பில் இருப்பதால் பிமேப்பில் இந்த வடிவில் வராது. தம்பி எண்ணியது 127 ஆனதற்கு அதுதான் காரணம். ஸ்டாக்கைச் சேர்த்தால் லேப்டாப்பில் 3.6, சர்வரில் 9.6. டாப் பொய் சொல்லவில்லை.

இந்த மாற்றத்தோடு ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6 2010ல் வந்து நிறுவனங்கள் அதற்கு மாறியபோது, எதையும் மாற்றாத ஜாவா ப்ரோக்ராம்கள்கூட விர்ச்சுவல் கணக்கில் திடீரென்று ஊதின. ஹடூப் அந்த உச்சவரம்பைத் தானே நான்காகக் கட்டிக்கொண்டது. மாலாக்-அரினா-மேக்ஸ் என்ற சூழல் மாறிக்கு ஒரு எண் கொடுத்தால் போதும். ரூபி உலகத்தில் அதை இரண்டாக வைப்பது சமையல் குறிப்பு மாதிரி கைமாறியது.

களம் பலவானால் தண்ணீரும் ஏன் ஏறுகிறது? மிக அருகில் போய்ப் பார்க்கலாம். “பரவை” என்ற ஊர்ப்பெயரை எங்கள் ப்ரோக்ராம் ஒவ்வொரு பில்லிலும் சேமிக்கிறது. யூ.டி.எஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ப, ர, வ, ஐகாரக் குறி, நான்கும் சேர்ந்து 12. முடிவுக் குறியோடு 13. ஜி.லிப்.சி.யிடம் 13 பைட் கேட்டால் 32 பைட் துண்டாக வெட்டித் தரும். அதைவிடச் சின்னத் துண்டு அதனிடம் கிடையாது. பில் முடிந்து அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்ததும் அது களத்துக்குப் போவதில்லை. முதலில் அந்த த்ரெட்டின் மடியிலேயே விழும். 2017ல் 2.26 பதிப்பில் வந்த டி-கேஷ் என்ற மடி அது. 64 அளவுகள், அளவுக்கு 7 துண்டுகள். எல்லா மடிப்பும் நிறைந்தால் த்ரெட்டுக்குச் சுமார் 2.4 லட்சம் பைட். 200 த்ரெட்டுக்கு 48 எம்.பி., யாருக்கும் பயன்படாமல், ஆனால் பூட்டே தேவைப்படாமல். எனக்கு இது ஊதாரித்தனமாகத் தோன்றவில்லை. பையில் சில்லறை வைத்துக்கொள்ளாத கடைக்காரர் ஒவ்வொரு முறையும் பேங்குக்கு ஓட முடியாது.

மடி நிறைந்து வழிந்தால் துண்டு களத்துக்குத் திரும்பும். எந்தக் களத்தில் வெட்டியதோ அதே களத்துக்கு. அங்கே வேறு தொல்லை. களம் பெரும்பாலும் மேல்விளிம்பிலிருந்துதான் சுருங்கும். நடுவில் எல்லாம் காலியாக இருந்தாலும் விளிம்பில் ஒரே ஒரு சாக்கு கிடந்தால், தூற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றே கெர்னல் எடுத்துக்கொள்ளும். ஒரு களத்துக்கு ஒரு சாக்கு என்றால் பரவாயில்லை, 128 களத்துக்கு? காலை ஐந்து மணி நெருக்கடியில் எல்லாக் களமும் நிறையும்; பத்து மணிக்கு வியாபாரம் ஓய்ந்தபின்னும் ரெசிடென்ட் எண் இறங்காது. லீக் என்று சத்தியம் செய்யத் தோன்றும். எதுவும் ஒழுகவில்லை, யாரும் காலி செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்றை 2000ஆம் வருடம் எமரி பெர்கர், கேத்ரின் மெக்கின்லி, ராபர்ட் புளூமோஃப், பால் வில்சன் நால்வரும் ஹோர்டு என்ற ஒதுக்கியைப் பற்றிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள். ஒரு த்ரெட் மெமரி கேட்டு எழுதி அடுத்த த்ரெட்டிடம் நீட்டுகிறது. அது படித்துவிட்டுத் திருப்பித் தருகிறது. திருப்பித் தந்தது யார் கையில் சேரும்? தருபவரின் தனி இருப்பில் சேர்த்தால், கேட்பவர் புதிது புதிதாகக் கெர்னலிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். தருபவரிடம் காலிச்சாக்கு மலையாகக் குவியும். எந்த நேரத்திலும் உண்மையில் பயன்பாட்டில் இருப்பது ஒரே சாக்கு. பிடித்து வைத்திருப்பதற்கோ எல்லையே கிடையாது. மார்க்கெட்டில் இதைத் தினமும் பார்க்கலாம். விளைவிக்கும் ஊரிலிருந்து சாக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்குகிற ஊரில் அது தேங்கும். காலிச்சாக்கு திரும்பிப் போக ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் அனுப்புகிறவர் புதுச்சாக்கு வாங்கியே போண்டியாவார். கட்டுரையில் இதற்கு வைத்த பெயர் புளோஅப், அதாவது வீக்கம்.

பிறந்த களத்துக்கே திருப்பினால் வீக்கத்துக்கு ஓர் எல்லை வந்துவிடும். ஆனால் அது செயலிகளின் எண்ணிக்கை மடங்காகலாம். ஹோர்டு செய்த உபாயம், ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கு. யாருடைய களத்திலாவது காலியிடம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு முழுப் பாளத்தைக் கிடங்குக்குத் தள்ளிவிட வேண்டும். தேவைப்படுபவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அப்போது வீண் என்பது செயலிக்கு இவ்வளவு என்ற ஒரு நிலையான கூட்டலோடு நின்றுவிடும் என்று கணிதமாகவே நிரூபித்தார்கள். பெருக்கலைக் கூட்டலாக்கியது. இந்தத் துறையில் அதற்குப் பிறகு வந்த எல்லாமே அந்த ஒரு யோசனையின் பேரப்பிள்ளைகள் என்பது என் கட்சி.

பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஜேசன் எவன்ஸ் ஃப்ரீ பி.எஸ்.டி.க்காக எழுதி 2006ல் விவரித்த ஜெ-மாலாக், கோருக்கு 4 களம் வைக்கிறது. சும்மா கிடக்கும் பக்கங்களைச் சில விநாடிகளில் படிப்படியாகக் கெர்னலுக்குத் திருப்புகிறது. ஃபேஸ்புக் அதைத் தூக்கி வளர்த்தது. சஞ்சய் கெமாவத்தும் பால் மெனேஜும் கூகுளில் எழுதிய டி.சி.மாலாக்கில் ஆரம்பத்தில் த்ரெட்டுக்கு ஒரு மடி; பின்னால் அதைக் கோருக்கு ஒரு மடியாக மாற்றினார்கள். இது முக்கியமான திருப்பம். ஒரே நேரத்தில் ஓடக்கூடியது கோர் எண்ணிக்கை அளவு த்ரெட்தானே? தூங்கும் ஆளுக்கு எதற்கு மடியில் சில்லறை? ஆயிரம் த்ரெட் இருந்தாலும் 16 கோருக்கு 16 மடி போதும். 2018ல் லினக்ஸ் 4.18ல் வந்த ஒரு கெர்னல் வசதி இதைப் பூட்டில்லாமலே செய்ய வழிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் மி-மாலாக் 2019ல் வந்தது. அதைத்தான் பைதான் 3.13, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் உலகப்பூட்டைக் கழற்றிப் பரீட்சித்துப் பார்க்கும் தன் புதிய வடிவத்தில், 2024ல் உள்ளே இழுத்துக்கொண்டது. பூட்டைக் கழற்ற நினைத்தவர்களுக்குக் கூடவே ஒதுக்கியையும் மாற்ற நேர்ந்தது.

ஒதுக்கியைத் தாண்டியும் இந்த வாடகை உண்டு. கோர்கள் ரேமைப் பைட் பைட்டாகத் தொடுவதில்லை. வழக்கமாக 64 பைட் வரிசையாகத் தங்கள் கேஷுக்கு இழுத்துக்கொள்கின்றன. பதினாறு த்ரெட், ஆளுக்கொரு 8 பைட் கவுண்ட்டர், பக்கம் பக்கமாக வைத்தால் 128 பைட்டில் அடங்கிவிடும். ஆனால் ஒரே வரிசையில் எட்டுப் பேர். ஒருவர் தன் கவுண்ட்டரைக் கூட்டினால் மற்ற ஏழு பேரின் கேஷிலும் அந்த வரிசை செல்லாததாகிவிடும். யாரும் யாருடைய டேட்டாவையும் தொடவில்லை, ஆனாலும் இடிபாடு. மருந்து, கவுண்ட்டருக்கு ஒரு முழு வரிசை: 128 பைட்டுக்குப் பதில் 1,024. எட்டு மடங்கு வீண், தெரிந்தே. ஜாவா 8ல் இதற்கென்றே ஒரு குறிப்புச்சொல் இருக்கிறது. கவுண்ட்டருக்குச் செய்தால் புத்திசாலித்தனம். இதைப் படித்த உற்சாகத்தில் லட்சம் ரெக்கார்டுக்கும் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய சர்வர்களில் ரேமே ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்து ரேம் உண்டு, தூரத்து ரேம் உண்டு. நூமா என்பார்கள். லினக்ஸ், யார் முதலில் தொடுகிறாரோ அவருக்கு அருகில் அந்த மெமரிப் பக்கத்தை வைக்கும். ஒரே த்ரெட் எல்லா அரேயையும் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டுப் பிறகு பதினாறு பேரைக் கூப்பிட்டால், அத்தனை தண்ணீரும் ஒரு கரையில். 2010ல் ஜெரமி கோல் மை-எஸ்க்யூஎல் சர்வர்களில் இதன் உச்சத்தைக் காட்டினார்: மெஷினில் ரேம் மிச்சம் இருக்கும்போதே ஸ்வாப்புக்குப் போய்த் தத்தளித்தது. காரணம், ஒரு செயலியின் பக்கம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது மறுபக்கம். மொத்தத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

இப்போது எல்லாரும் கன்டெய்னரில் ஓட்டுகிறோம். அங்கே இந்தக் கதைக்குப் புது வில்லன். 64 கோர் மெஷினில் அரை ஜி.பி. மெமரி, ஒரு கோர் பங்கு என்று எல்லை கட்டி ஒரு கன்டெய்னரை ஓடவிடுகிறோம். சி.பி.யு. பங்கீடு என்பது நேரப் பங்கீடு, ஜி.லிப்.சி. எண்ணும்போது கண்ணுக்குத் தெரிவது 64 கோர். களம் 512 வரை போகலாம். ஜாவாவும் நெடுநாள் இப்படித்தான் வீட்டுக்காரரின் கோர்களை எண்ணித் தன் த்ரெட்களை வைத்துக்கொண்டிருந்தது. 2018ல் ஜாவா 10 வந்தபோதுதான் திருந்தியது. வாடகை வீட்டில் ஒரு அறைக்குக் குடிவந்தவர் முழுத் தெருவுக்கும் பந்தல் போட்டால் என்ன ஆகும்? கெர்னல் கொன்றுவிடும். லாக்கில் காரணம்கூடப் பெரும்பாலும் இருக்காது, 137 என்ற ஒரு எண்ணைத் தவிர.

குப்பை சேகரிக்கும் மொழிகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். ஒன்று மட்டும்: கோ மொழி அதன் இயல்பு நிலையில், உயிரோடிருக்கும் டேட்டா ஏறக்குறைய இரட்டிப்பாகும்வரை வளரவிட்டுத்தான் அடுத்த சேகரிப்பை முடிக்கும். இதுவும் காத்திருப்பைத் தவிர்க்கக் கொடுக்கும் இடம்தான்; கணக்கு வேறு பெயரில் ஓடுகிறது.

எங்கள் சர்வருக்கு வருகிறேன். களத்தின் உச்சவரம்பை நான்காகக் கட்டினோம். விர்ச்சுவல் எண் மளமளவென்று இறங்கியது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன், நானே சந்தோஷப்பட்டேன். ரெசிடென்ட்டும் இறங்கியது. பில் போடும் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியவும் செய்யாது: எங்கள் த்ரெட்கள் பெரும்பாலான நேரம் டேட்டாபேஸின் பதிலுக்காகத்தான் நின்றிருந்தன, மாலாக் பூட்டுக்காக நின்றதே இல்லை. வராத சண்டைக்கு 128 களம் கட்டி வாடகை கொடுத்திருக்கிறோம். டேட்டாபேஸுக்குத்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்தபின் 200 த்ரெட் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. 32 ஆக்கினோம். அதற்கும் யாரும் முறையிடவில்லை.

நான்கு நாள் கழித்துத் தம்பி கிராஃபைக் கொண்டுவந்து காட்டினான். பழைய இரைச்சல் எல்லாம் அடங்கி, ரெசிடென்ட் கோடு தரையோடு தரையாகப் போனது. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, நாளுக்கு நாள் ஒரு மயிரிழை மேலே ஏறிக்கொண்டிருந்தது. தேடியதில் ஒவ்வொரு பில்லுக்கும் பிரின்ட்டருக்காக நான் எடுத்து, ரத்தான பில்களில் மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு பஃபர்.

“நான் அன்னைக்கே லீக்குன்னு சொன்னேன்லண்ணே?” என்றான்.